லெவல் பார்த்து வெட்டிய கூந்தல்

என் தலைமுடியைப் பார்த்துக் ‘கொடுத்து வைத்தவள்’ என்று சொல்கிறவர்களில் ஒருவர்கூட அதை ஒருநாள் வாரிப் பார்த்ததில்லை. வாரியிருந்தால் வாயைத் திறக்க மாட்டார்கள். நீளமும் அடர்த்தியும் சுருட்டையும் ஒரே தலையில் வந்து சேர்ந்தால் அது முடியில்லை, வீட்டில் இன்னொரு ஆள். அந்த ஆளுக்குத் தனியாக எண்ணெய் வாங்க வேண்டும், தனியாகத் துண்டு வேண்டும், படுத்தால் தனியாக ஒரு தலையணை வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்தால் செவ்வாய்க்கிழமைதான் உள்ளே காயும். மழைக்காலத்தில் அதுவும் நிச்சயமில்லை.

முடி எனக்கு அப்பாவிடமிருந்து வந்தது. அவர் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்த காலத்தில் ஹெல்மெட் தலையில் உட்காராமல் சுருட்டையின் மேல் மிதந்துகொண்டே இருக்குமாம். மேஸ்திரி திட்டிக்கொண்டே இருப்பாராம். இப்போது அவர் தலையில் ஒரு முடி கிடையாது. “என்னோட மைன இழுத்து மூடிட்டாங்க. உன்னோடது இன்னும் மூணு ஷிஃப்டும் ஓடுது” என்று வழுக்கையைத் தடவிக்கொண்டே சொல்வார். அம்மாவுக்கு மெல்லிய, நேரான முடி. பிடித்தால் சுண்டுவிரல் தடிமன் வரும். அது எனக்கு வந்திருந்தால் இதையெல்லாம் எழுத வேண்டிய அவசியமே இல்லை. என் தலையெழுத்து, அப்பாவுடையதுதான் வந்தது.

எங்கள் வீட்டில் இந்த முடிக்கு லெவல் கணக்கு உண்டு. சுரங்கத்தில் தரையிலிருந்து கீழே இறங்க இறங்க லெவல் எண் கூடும். ஒண்ணாவது லெவல் தரைக்குப் பக்கத்தில் இருக்கும். எண் பெரிதாக ஆக ஆக ஆழம், சூடு, பயம் எல்லாம் கூடும். அப்பா ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது அம்மா வாசலில் நின்று கேட்கிற ஒரே கேள்வி, “இன்னிக்கு எந்த லெவலு?” என்பதுதான். மேல் லெவல் என்றால் டிபன் கேரியரைக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். ஆழமான லெவல் என்றால் அவர் திரும்பி வருகிறவரை அவளுக்குச் சோறு இறங்காது. ஆகவே லெவல் எண் விஷயத்தில் அவள் காது மகா கூர்மை. ஒருநாள் அப்பா பயமுறுத்த வேண்டாமென்று எண்ணைக் குறைத்துச் சொல்லப்போய், அவள் அதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் விசாரித்துக் கண்டுபிடித்து, அவர் வீடு திரும்பியதும் ஆடின ஆட்டம் சுரங்கக்காரர்கள் குடியிருந்த லைன் வீடுகள் முழுக்கத் தெரியும்.

அந்த லெவல் எப்படியோ என் தலைக்கு வந்துவிட்டது. காதுமடல் ஒண்ணாவது லெவல். தோள் ரெண்டாவது. தோள்பட்டை எலும்பு முடிகிற இடம் மூணாவது. இடுப்பு நாலாவது. அதற்கும் கீழே, நான் உட்கார்ந்தால் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்கிற நுனி, அஞ்சாவது. சுரங்கத்தை மூடி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, என் தலையில் மட்டும் அது இன்னும் நடக்கிறது.

“ஆடாம உக்காரு. நாலாவது லெவல்ல சிக்கு கீது.”

“மெதுவா இழும்மா, தலை கையோட வந்துரும்போல கீது.”

“வந்தா வரட்டும். வெறும் கழுத்தோட போ ஆபீசுக்கு. ரயில்ல உக்கார எடமாவது கெடைக்கும்.”

தினமும் காலையில் இந்தப் பேச்சுதான். நான் கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை, அப்பா அம்மாவோடு இருக்கிறேன், மாரிகுப்பத்திலிருந்து புறப்படுகிற ரயிலைப் பிடித்துப் பெங்களூரில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போகிறேன். நாற்பதை நெருங்குகிற பெண்ணுக்கு அம்மா தலைவாரி விடுகிறாளா என்று கேட்பீர்கள். ஆமாம், வாரி விடுகிறாள். கேலி செய்கிறவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள், சீப்பைத் தருகிறேன்.

ரயிலில் இந்தப் பின்னல் பண்ணின அட்டகாசம் கொஞ்சமா? பின்சீட்டு ஆட்கள் முதுகைத் தட்டிக் கன்னடத்தில், “நிம்ம ஜடே ஸ்வல்ப எத்கொள்ளி” என்பார்கள். பின்னலைக் கொஞ்சம் தூக்கிக்கொள்ளச் சொல்கிறார்களாம், ஏதோ நான் லக்கேஜைக் குறுக்கே வைத்துவிட்டது மாதிரி. ஒருதடவை நுனி ஒரு பெண்ணின் பை ஜிப்பில் மாட்டிக்கொண்டது. அவளுக்குப் பங்காருபேட்டையில் இறங்க வேண்டும். அவள் இறங்கினாள், நானும் இறங்கினேன், வேறு வழி? பிளாட்பாரத்தில் நாங்கள் இரண்டுபேரும் தலையும் பையுமாக ஒட்டிக்கொண்டு நிற்க, ஒரு டீக்காரர் வந்து பிரித்துவிட்டார். ரயில் போய்விட்டது. அந்தப் பெண் என்னைப் பார்த்து, “முடி ரொம்ப நல்லா இருக்கு” என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அவளை அங்கேயே ஏதாவது சொல்லியிருப்பேன்.

இருந்தாலும் இப்படியே ரிட்டையர் ஆகிறவரை ஓட்டியிருப்பேன். போன வருஷம்தான் ஒன்றைக் கவனித்தேன். முன்பெல்லாம் நான் ஸ்டூலில் உட்காருவேன், அம்மா நின்றுகொண்டு வாருவாள். ஒருநாள் “ஸ்டூலு ஆடுது” என்று சொல்லி என்னைப் பலகையில் உட்கார வைத்தாள். கொஞ்சநாள் கழித்து “பலகையில ஆணி கீது, பொடவைய கிழிக்கும்” என்று வெறுந்தரைக்கு இறக்கினாள். அவள் கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள். அதற்கப்புறம் கட்டிலில் ஒரு தலையணையைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். பிறகு இரண்டு தலையணை. அம்மா ஏறிக்கொண்டே போனாள், நான் இறங்கிக்கொண்டே போனேன். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் எனக்காகத் தரையில் ஒரு சுரங்க ஷாஃப்ட் தோண்டச் சொல்லியிருப்பாள்.

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஒருநாள் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு பொட்டு வைக்கும்போது, கண்ணாடிக்குள் பின்னால் அவள் முகம் தெரிந்தது. சீப்பை உச்சந்தலையில் வைக்கும்போதெல்லாம் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். வலது கையை இடது கையால் முழங்கையில் தாங்கித் தூக்கிக்கொண்டிருந்தாள். அந்தக் கை தோளுக்கு மேலே தானாக எழும்பவில்லை.

“கை வலிக்குதாம்மா?” என்றேன்.

“எனக்கு இன்னா கேடு? இரும்பு இது” என்றாள். அதை நிரூபிக்க மறுநாள் இன்னும் இழுத்துக் கட்டினாள். பின்னல் கயிறு மாதிரி இருந்தது. பின்னால் அவள் மூச்சை அடக்கி அடக்கி விடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. டாக்டரிடம் போகலாம் என்றால் எரிந்து விழுந்தாள். அப்பாவிடம் சொன்னேன். அவரோ, “அவ கொண்டைய பாரு, இப்போல்லாம் எடது காதுகிட்ட சாஞ்சிகினு கீது. புதுசா ஸ்டைலு வேற” என்று கேலி பண்ணினார். பேச்சு அதோடு போனது.

நானே வாரிக்கொள்கிறேன் என்று ஒரு வாரம் முயன்றேன். முதல்நாள் சீப்பு உடைந்தது. அதுகூடப் பரவாயில்லை. அதன் இரண்டு பல் உள்ளேயே தங்கிவிட, மத்தியானம் சாப்பாட்டு வேளையில் பக்கத்து டேபிள் பெண் அதை எடுத்துத் தயிர்சாதத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். வாரக் கடைசியில் ஒரு சாயங்காலம், தங்கம் எடுத்த பிறகு மண்ணைக் கொட்டிவைத்த சயனைடு மேட்டுப் பக்கமிருந்து அடிக்கிற காற்றில் வெள்ளைத் தூசி வேறு உள்ளே புகுந்து, வீட்டுக்கு வந்தபோது நான் நரைத்துப் போயிருந்தேன். அம்மா சிரித்த சிரிப்பில் அடுத்த நாளே சீப்பு மறுபடி அவள் கைக்குப் போய்விட்டது.

சரி, வெட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். அம்மாவின் கைக்கு விடுதலை கொடுக்க வேண்டும், அது அவள் கைக்காகத்தான் என்று அவளுக்குத் தெரியவும் கூடாது. தெரிந்தால் போச்சு, ரோஷம் வந்துவிடும். முடியை வெட்ட விடமாட்டாள், கையையும் விடமாட்டாள்.

ஆனால் எப்படி வெட்டுவது? அங்கேதான் அடுத்த கூத்து. ஆபீசில் ஆளுக்கொரு யோசனை. ஸ்டெப் கட் என்றாள் ஒருத்தி. யூ கட் என்றாள் இன்னொருத்தி. ‘ஸ்ட்ரெய்ட்டனிங் பண்ணிடுங்க மேடம், பிரச்சனையே இல்லை’ என்றாள் பிறந்ததிலிருந்து நேர்முடிக்காரி ஒருத்தி. அவளுக்கு என்ன பிரச்சனை தெரியும்? ரயிலில் போகும்போது வீடியோ பார்த்தேன். எல்லா வீடியோவிலும் சுருட்டைமுடிப் பெண் முதலில் அழுவாள், கடைசியில் தலையை ஆட்டிக்கொண்டு சிரிப்பாள். நடுவில் என்ன செய்தார்கள் என்பதைப் பாட்டுப் போட்டு வேகமாக ஓட்டிவிடுவார்கள்.

பெங்களூரில் ஒரு பெரிய மாலில் இருக்கிற சலூனுக்கும் போய்ப் பார்த்தேன். கறுப்புச் சட்டை போட்ட பையன் என் பின்னலை அவிழ்த்தான். அவிழ்த்துக்கொண்டே இருந்தான். இன்னொருவனைக் கூப்பிட்டான். இரண்டுபேரும் சேர்ந்து அவிழ்த்தார்கள். “மேம், என்ன ப்ராடக்ட் யூஸ் பண்றீங்க?” என்றான். “தேங்காயெண்ணெய்” என்றேன். அவன் முகம் போன போக்கைப் பார்த்தால் நான் கிரீஸ் தடவுவதாகச் சொன்ன மாதிரி இருந்தது. முடிக்கு ஓட்டை இருக்கிறதா பார்க்க வேண்டும், எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது பார்க்க வேண்டும் என்று ஏதேதோ சொன்னான். முடி தண்ணீர் குடிப்பது எனக்குத் தெரியாதா? செவ்வாய்க்கிழமைவரை குடித்துக்கொண்டுதானே இருக்கிறது! நான் பின்னலை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

கடைசியில் நம்ம ஊர்தான் சரி என்று, ராபர்ட்சன்பேட்டை பஜாரில் மாடியில் இருக்கிற பார்லரைத் தீர்மானித்தேன். அதை நடத்துகிற பெண் ஸ்கெலட்டன் என்கிற சுரங்க லைன் பக்கத்துக்காரி. அவள் அப்பாவும் சுரங்கத்தில் இருந்தவர். பெங்களூரில் வேலை கற்றுக்கொண்டு வந்து இங்கே கடை போட்டிருக்கிறாள். அவள் தலையும் சுருட்டை, ஆனால் பார்க்க அடக்கமாக இருந்தது. அது ஒன்றே எனக்குப் போதுமான சிபாரிசு.

அதற்குமுன் அம்மாவிடம் அனுமதி வாங்க வேண்டும். காலையில் வாரும்போது மெதுவாக ஆரம்பித்தேன்.

“ஆபீஸ்ல எல்லாரும் வெட்டிகினாங்கம்மா. நான் மட்டும்தான் இப்பிடி கீறேன்.”

“அவங்க முடியும் உன் முடியும் ஒண்ணா?”

“ரயிலு தப்பிப்போவுதும்மா.”

“சீக்கிரம் எழுந்திரு.”

“மேனேஜர் ஒரு மாதிரி பாக்கறாரு.”

“அவருக்கு தலையில முடி கீதா?”

“இல்ல.”

“அப்பறம் பாக்காம இன்னா பண்ணுவாரு?”

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது நான்தான். ஆனாலும் விடவில்லை. தினமும் ஏதாவது ஒரு பொய்யைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தேன். ஒருநாள் சீப்பு பாதியில் நின்றது. “எந்த லெவல் வரைக்கும் வெட்டப் போற?” என்றாள்.

எனக்கு நம்ப முடியவில்லை. “மூணாவது லெவல்மா. அதுக்கு மேல போவ மாட்டேன்” என்றேன்.

மூணாவது என்று நான் கணக்குப் போட்டுத்தான் சொன்னேன். ரெண்டாவது என்றால் அவள் தாங்க மாட்டாள். மூணாவது என்றால் பாதி பாரம் குறையும், நானே ஒருமாதிரி வாரிக்கொள்ளப் பழகலாம், அவளுக்கும் பெண்ணுக்கு நீளமுடி இருக்கிறது என்ற பெருமை கொஞ்சம் மிஞ்சும்.

“பாக்கலாம்” என்றாள் அம்மா. “வெட்டறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் போடு.”

சனிக்கிழமை போனேன். பார்லர் பெண் என் பின்னலைக் கையில் தாங்கிப் பார்த்தாள். அவிழ்த்தாள். ஒரு சுருளை இழுத்துவிட்டாள், அது எகிறித் திரும்பிப் போனது. “அக்கா, இத ஒரே மட்டமா வெட்டினா குடை விரிச்சாப்பல நிக்கும். உள்ள கீற பாரத்த எடுத்துட்டு லேயர் போடணும். அப்போதான் தலைல கை வச்சா அடங்கும்” என்றாள். பிறகு சர்வசாதாரணமாக, “எந்த லெவல்லக்கா வெட்டணும்?” என்றாள்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை. பெங்களூர்ப் பையன் இரண்டு மணிநேரம் இங்கிலீஷில் குழப்பினதை இவள் ஒரு வார்த்தையில் கேட்டுவிட்டாள். காதுமடலிலிருந்து தொடங்கி எங்கள் வீட்டு லெவல்களைத் தொட்டுக் காட்டினேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். “மூணாவது” என்று முடித்தேன்.

“சரிக்கா. அம்மா நம்பர் சொல்லுங்க.”

“அவங்க நம்பர் எதுக்கு?”

“இடுப்புக்குக் கீழ முடி இருந்தா அம்மாவ கேக்காம வெட்டறதில்லக்கா. கடை ரூலு.”

“ஏம்மா, எனக்கு இன்னா வயசுன்னு நெனச்சே?”

“வயசுல இன்னாக்கா கீது? போன தடவ ஒரு அக்கா வந்தாங்க, ரெண்டு புள்ளைங்க, மூத்தவன் காலேஜ். அவங்கம்மா வந்து கண்ணாடிய ஒடச்சிட்டாங்க. இது புதுக் கண்ணாடி.”

கண்ணாடி நிஜமாகவே புதிதாகத்தான் இருந்தது. ஓரத்தில் ஸ்டிக்கர்கூட உரிக்கவில்லை. எப்படியும் அம்மா போன் போடச் சொல்லியிருந்தாள், நானே என் போனில் நம்பரைப் போட்டுக் கொடுத்தேன். பக்கத்து நாற்காலியில் யாருக்கோ டிரையர் ஓடிக்கொண்டிருந்தது, ஒன்றும் காதில் விழவில்லை. அந்தப் பெண் போனை எடுத்துக்கொண்டு வெளியே படிக்கட்டுக்குப் போனாள். கொஞ்சநேரம் பேசினாள். திரும்பி வந்து போனை என் மடியில் வைத்தாள்.

“இன்னா, சரின்னாங்களா?”

“சரின்னாங்கக்கா. கண்ணாடிய கழட்டிக் குடுங்க.”

மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டால் எனக்கு எதிரே இருப்பது சுவரா யானையா என்றுகூடத் தெரியாது. முடியை நனைத்தாள், பின்னினாள், ரப்பர் போட்டாள். கத்தரிக்கோல் சத்தம் காதுக்குப் பக்கத்திலேயே கேட்டது. ஏதோ லேயர் போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். வீடியோவிலும் மேலேயிருந்துதானே தொடங்கினார்கள்! நறநறவென்று அது வெகுநேரம் அறுத்தது. பிறகு திடீரென்று என் தலை முன்னால் போய்விட்டது. இத்தனை வருஷமாகப் பின்னால் இழுத்துக்கொண்டிருந்த பாரம் போனதும் கழுத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். ஈர முடி தோளில் நின்றது.

“ஐயய்யோ! இது ரெண்டாவது லெவல்!”

“இல்லக்கா, இருங்க” என்று அந்தப் பெண் டிரையரைப் போட்டாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முடி காய்ந்து சுருள ஆரம்பித்தது. சுருளச் சுருள மேலே ஏறியது. தோளைவிட்டுக் கிளம்பியது. கழுத்தைத் தாண்டியது. ஷிஃப்ட் முடிந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு சுரங்கத்துக் கேஜ் கூண்டு மேலே வருகிற மாதிரி கடகடவென்று ஏறி, காதுமடலுக்குக் கீழே வந்து அசையாமல் நின்றது.

“காஞ்சா ஏறும்கா. அதுக்குன்னு எடம் வுட்டுதான் வெட்டினேன். பாருங்க, கரெக்டா ஒண்ணாவது லெவல்ல வந்து நிக்குது” என்றாள், மகா திருப்தியாக.

“யாரு ஒண்ணாவது கேட்டாங்க? நான் மூணாவதுன்னு சொன்னேன்!”

“நீங்க மூணாவதுன்னீங்க. அம்மா ஒண்ணாவதுன்னாங்க. ரெண்டுபேர்ல யாரு கண்ணாடிய ஒடைப்பாங்கக்கா?”

“ஒரு லெவல்னு சொல்லியிருப்பாங்கடி! ஒரே ஒரு லெவல் வெட்டுன்னு சொல்லியிருப்பாங்க. உனக்கு ஒண்ணாவதுன்னு கேட்டிருக்குது!”

“ரெண்டு தடவ கேட்டேன்கா.”

“ரெண்டு தடவையும் தப்பா கேட்டிருக்கே!”

கடையில் இருந்த எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். ஒருத்தி, “அழகாத்தான் கீது” என்றாள். கோபத்தில் தலையைத் திருப்பினேன், சுருள்கள் எல்லாம் ஒன்றாகத் திரும்பிவிட்டுத் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தன. கைவிட்டுக் கோதினேன். விரல் இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்தது. என் வாழ்க்கையில் அப்படி நடந்ததே கிடையாது. உண்மையைச் சொன்னால் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அதை அந்த நேரத்தில் சொல்கிற நிலைமையா? வெட்டின பின்னலை ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டுக் கொடுத்தாள். கனமாக இருந்தது. மகராசி, காரியத்தை முடித்துவிட்டாள், இனி நான் வீட்டுக்குப் போக வேண்டும்.

ஆட்டோ பிடித்தேன். அம்மாவுக்கு வலி இல்லாமல் செய்யப்போய், அவள் பெருமையை அடியோடு அறுத்துப் பையில் போட்டுக்கொண்டு வருகிறேனே! ஒரு லெவல் வெட்டு என்றவளிடம் ஒரே லெவலை மிச்சம் வைத்துக்கொண்டு போய் எப்படி நிற்பது? பார்லர்க்காரியைத் திட்டுவதற்கு வேண்டிய வசனங்களை ஆட்டோவிலேயே தயார் செய்துகொண்டேன்.

அப்பா வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, “யாரும்மா வேணும்?” என்றார். பிறகு பேப்பர் கீழே விழுகிற அளவுக்குச் சிரித்தார். “அடிப்பாவி, நான் மைன்ல சேர்ந்தப்போ எடுத்த போட்டோவுல இதே தலைதான்டி!”

சத்தம் கேட்டு அம்மா வந்தாள். நின்றாள். நான் முந்திக்கொண்டேன்.

“அம்மா, என்னை ஒண்ணும் சொல்லாதே. அந்தப் பொண்ணுதான். நீ ஒரு லெவல்னு சொன்னத ஒண்ணாவதுன்னு கேட்டுகினு வெட்டிட்டா. டிரையர் சத்தத்துல...”

“ஏய், அந்தப் பொண்ண திட்டாத” என்றாள் அம்மா. “அவ சரியாத்தான் கேட்டா. ரெண்டு தடவ கேட்டா. ஒண்ணாவது லெவல்னுதான் சொன்னேன்.”

“நீ ஒரு லெவல்னு...”

“உங்கப்பன கட்டிகினு வந்த நாள்லருந்து வாசப்படில நின்னுகினு லெவல் கேட்டவ நானு. எனக்கு ஒண்ணுக்கும் ஒண்ணாவதுக்கும் வித்தியாசம் தெரியாதா?”

என் கையில் பின்னல் இருந்த பை. அம்மா அதை இடது கையால் வாங்கினாள். தூக்கி எடை பார்த்தாள். வலது கை புடவையோரத்தைப் பிடித்தபடி கீழேயே இருந்தது.

“கை வரலடி” என்றாள். “ராத்திரியில படுக்க முடியல. தெனம் காலையில உன் தலைய பாத்தாலே பயமா இருக்கும். முடியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வரல. பெத்த பொண்ணு தலைய வார முடியலன்னு எப்பிடி சொல்றது? நீ ஆபீஸு, மேனேஜருன்னு பொய்மேல பொய் சொல்லிகினு வந்தே. உன் மூஞ்சிக்கு பொய் வருமா? என் கைக்காகத்தான்னு தெரியாதா எனக்கு? சரி, நீயே வெட்டறேங்கறே, சும்மா வுடக் கூடாதுன்னு பாத்தேன். மூணாவது லெவல்னா அப்பவும் நான்தான் வாரணும். நீ கிழிச்ச கிழிதான் ஒரு வாரம் பாத்தேனே!”

“அதனால ஒண்ணாவதா?”

“அதுக்கு மேல லெவல் இல்லியே” என்றாள்.

அப்பா சிரிப்பதை நிறுத்திவிட்டார். எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. இத்தனை மாதம் இரண்டுபேரும் ஒரே வலியை ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டிருந்தோம், நடுவில் ஒன்றும் அறியாத பார்லர்க்காரியை நான் கடை முழுக்கக் கேட்கத் திட்டியிருக்கிறேன். அம்மா இடது கையால் என் சுருளைக் கலைத்துவிட்டு, “நல்லாத்தான் கீது. முன்னாடியே பண்ணியிருக்கலாம்” என்று உள்ளே போய்விட்டாள். நானும் பின்னாலேயே போய், திங்கட்கிழமை சாயங்காலம் டாக்டரிடம் வந்தே ஆக வேண்டும் என்று கத்தினேன். வருகிறேன் என்று அவளும் கத்தினாள்.

திங்கட்கிழமை காலையில் பழக்கதோஷத்தில் அதே நேரத்துக்கு எழுந்துவிட்டேன். குளித்தேன், தலையை உதறினேன். அவ்வளவுதான், வேலை முடிந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டுக்குள் நடந்தேன். ரயிலுக்கு எக்கச்சக்கமாக நேரம் இருந்தது. அம்மா கட்டிலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் அவள் உட்கார்ந்து காபி குடித்து நான் பார்த்ததில்லை. அவள் பின்னால் போய் நின்றேன். கொண்டை இடது காதுப் பக்கம் சாய்ந்து கிடந்தது. ஸ்டைல் என்று அப்பா கேலி பண்ணினாரே, அதுதான். கிட்டே போய்ப் பார்த்தால் உச்சியில் முடி சீப்பே படாமல் அடை அடையாக ஒட்டிக்கிடந்தது. இடது கையால் எட்டின மட்டும் அள்ளி அங்கேயே முடிந்திருக்கிறாள். தன் தலைவரைக்கும் எழும்பாத கையைத்தான் அவள் இத்தனை நாளும் என் தலைமேல் வைத்து வாரியிருக்கிறாள்.

சீப்பை எடுத்துக்கொண்டு வந்தேன்.

“இன்னாடி?”

“கீழ உக்காரு.”

“எதுக்கு? உனக்கு ரயிலுக்கு நேரமாவுது.”

“உக்காரும்மா.”

முணுமுணுத்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தாள். நான் கட்டிலில், அவளுடைய இரண்டு தலையணைமேல் ஏறி உட்கார்ந்தேன். கொண்டையை அவிழ்த்தேன். சுண்டுவிரல் தடிமன் முடி, தோள்வரைகூட வரவில்லை. அதற்குள் எத்தனை முடிச்சு! இந்த மெல்லிய முடிக்குள் இவ்வளவு சிக்கு எப்படி வந்தது என்று எனக்கு ஆச்சரியம். எண்ணெய் தொட்டு ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தேன்.

“ஐயோ, மெதுவா இழுடி! வலிக்குது!”

“ஒண்ணாவது லெவல்லயே சிக்கு கீது. ஆடாத.”

பாதிச் சிக்கு எடுப்பதற்குள்ளேயே வெகுநேரம் போய், ஸ்டேஷன் பக்கமிருந்து ஹார்ன் சத்தம் வந்தது. அம்மா தலையைத் திருப்ப முயன்றாள், நான் தலையைப் பிடித்து நேராக வைத்தேன்.

“ரயிலு ஊதுதுடி.”

“ஊதட்டும். நீ ஆடாம உக்காரு.”